கல்லேரிமேட்டு வளைவு

ஐயா, எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் ரயிலுக்குக் காத்திருப்பது லேசான காரியம் இல்லை. திருப்பதி போகிறவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடைமேடையில் வாடிக்கிடப்பார்கள். அவர்களுக்குக் குளிர்சாதனக் கூடம் ஒன்று வேண்டும் என்று நான் நினைத்ததில் தவறு இருப்பதாக இப்போதும் தோன்றவில்லை.

என் பெயர் ஹேமநாத். தண்டவாளப் பராமரிப்புக்குப் பொறுப்பதிகாரி. அந்த வருடம் வந்த பாதுகாப்பு நிதி, கல்லேரிமேட்டு வளைவில் தேய்ந்துபோன தண்டவாளத்தை மாற்றுவதற்கானது. கூடத்துக்கென்று தனி நிதி இல்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். தண்டவாளம் புதிதானால் யாருக்கும் தெரியாது. கூடம் எல்லோர் கண்ணிலும் படும். என் பணிக்காலத்தில் தண்டவாளத்தை மாற்றச் சொல்லிப் பயணி யாரும் மனு கொடுத்ததில்லை.

முனிசாமி மட்டும் வந்தார். அந்த வளைவைத் தினமும் நடந்தே சோதிக்கும் கீமேன் அவர். நகரிப் பக்கத்துக் கிராமம்.

"சார், கல்லேரிமேட்டுல ஒரு எடத்துல வெடிப்பு உட்டிருக்குது. நாளுக்கு நாள் நீண்டுக்கினே போவுது சார்."

"அடுத்த நிதி வரட்டும்ப்பா, பாத்துக்கலாம்."

"எங்க வூட்ல மணியம்மாவும் அந்த வழியா போற காலைப் பாசஞ்சர்லதான் வேலைக்குப் போவுது. அதுக்காவ சொல்லல சார். எல்லாம் நம்ம ஜனந்தானே."

மணியம்மா அவருடைய மனைவி. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை.

அவர் சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. அந்த வளைவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டேன். ரயில்கள் அங்கே ஊர்ந்து போயின. எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

தண்டவாள நிதியில் கூடம் கட்டி முடிந்ததும், செலவுக்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. தண்டவாளம் மாற்றப்பட்டது என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டேன். புதுத் தண்டவாளத்துக்கு வேகக் கட்டுப்பாடு எதற்கு என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். நியாயமான கேள்வி. கட்டுப்பாட்டை நீக்கினேன்.

பத்தொன்பதாம் நாள் காலை பாசஞ்சரின் மூன்று பெட்டிகள் கவிழ்ந்தன. பதினான்கு பேர் இறந்தார்கள். உடல்களை அந்தக் கூடத்தில்தான் வரிசையாகக் கிடத்தினோம். அந்த வெயிலுக்கு அது உதவியாக இருந்தது. ஆறாவதாகக் கிடந்த மணியம்மாவை முனிசாமி கால் மெட்டியை வைத்து அடையாளம் காட்டினார். பிறகு மற்றவர்களின் முகங்களையும் ஒவ்வொன்றாகத் துணியால் மூடிவிட்டார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வளைவைப் பற்றி அவர் நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், நஷ்டஈட்டுக்குத் தேவைப்படுகிறது என்று கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தார். அதை எரித்தேன். வெடிப்பைப் பற்றிக் கீமேன் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை என்று விசாரணையில் சொன்னேன். மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே அவரைக் கைது செய்தார்கள்.

போன வாரம் சிறையில் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தபா வந்து ஞாபகப்படுத்தியிருக்கணும் சார். உங்களுக்கு ஆயிரம் வேலை. நான்தான் உட்டுட்டேன். மணியம்மாவ நானே கொன்னுட்டேன் சார்."

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டால் எனக்கு நல்லதுதான். ஆனால் அவர் பிடியிலிருந்து என் கையை விடுவித்துக்கொள்ள எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அதனால்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. பொய்ச் சான்று எழுதியவன் நான், நோட்டை எரித்தவன் நான். ஆனால் ரயில் கவிழும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தண்டவாளம் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று மனதார நம்பினேன்.

என் மகள் ஹரிதாவை மட்டும் விசாரிக்க வேண்டாம். திருப்பதியில் படிக்கிறாள். தினமும் அதே பாசஞ்சரில்தான் போய்வந்தாள். கட்டுப்பாட்டை நீக்கிய அன்றிலிருந்து அவளைப் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன்.

"ஏன் நைனா?" என்று கேட்டாள்.

ரயிலில் கூட்டம் அதிகம் என்றேன்.