பிரிவுக் கட்சியும் சாவுக் கட்சியும்

கேசட்டை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. நாடா இளகிவிடும், அப்புறம் எப்பேர்ப்பட்ட பாடகரும் சளி பிடித்தவர் மாதிரிதான் பாடுவார். என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்து வந்த கேசட் ஸ்டேஷன் ஜன்னலோரம் கிடப்பதை இப்போதுதான் பார்த்தேன். யாரையாவது விட்டு உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சார். மற்றதை எல்லாம் நீங்கள் கேட்டபடி ஒன்று விடாமல் எழுதித் தருகிறேன். எழுதுவது எனக்குப் பழக்கம்தான்.

என் பெயர் அருணாச்சலம், வயது ஐம்பத்தேழு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலையில் இருபத்தெட்டு வருஷமாக எலக்ட்ரீஷியன். வீடு தேர்வாய் கண்டிகைக்குப் பக்கம். தனியாக இருக்கிறேன். கேசட்டில் இருப்பது ‘தாழ் போடவில்லை’ என்ற பாட்டு. ‘தாழ் போடவில்லை கண்ணே, நீ தட்ட வேண்டாம்’ என்று தொடங்கும். எண்பத்தேழில் வந்தது. படம் வரவில்லை. தயாரிப்பாளர் பாதியில் கைவிட்டுவிட்டார், கேசட் மட்டும் கடைக்கு வந்தது. அதனால் அந்தப் பாட்டை யார் பாடுகிறான், எந்த இடத்தில் பாடுகிறான் என்று பார்த்தவர்கள் யாரும் கிடையாது. சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஒரு பாட்டுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அறுபத்து மூன்று பேர். துபாயில் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், பள்ளிப்பட்டில் ஒரு மருந்துக் கடைக்காரர் இருக்கிறார். குழுவில் இரண்டு கட்சி. மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், அவன் காத்திருக்கிறான், அவள் வருவாள் என்பது பிரிவுக் கட்சி. மனைவி நோயில் செத்துவிட்டாள், அவன் பித்துப் பிடித்துப் பாடுகிறான் என்பது சாவுக் கட்சி. கடைசியில் ஒரு பெண் குரல் வார்த்தையில்லாமல் முனகும். அவள் வாசலுக்கு வந்துவிட்டாள் என்று நாங்கள் சொல்வோம், ஆவி என்று அவர்கள் சொல்வார்கள். மூன்றாவது அடியில் பாடகர் மூச்சு இழுப்பது அழுகையா, அன்றைக்கு அவருக்கு ஜலதோஷமா என்று மட்டும் இரண்டு வாரம் ஓடியது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் அறுபத்து மூன்று பேர் ஒரே இடத்தில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிவுக் கட்சிக்கு நான்தான் தலைவர் மாதிரி. என் பதிவுகள் நீளம் என்று கேலி செய்வார்கள், ஆனால் படிப்பார்கள்.

நான் ஏன் பிரிவுக் கட்சி என்று கேட்டால் காரணம் எளியது. என் மனைவி ஈஸ்வரி இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் என்னை விட்டுப் போனாள். பள்ளிப்பட்டில் அவள் அம்மா வீடு. அதற்கு முன்பு எனக்கு அது வெறும் நல்ல பாட்டு. தினமும் நாலைந்து தடவை போடுவேன். அவளுக்கு அது ஆகாது. “எத்தினி வாட்டிதான் இத்தையே போடுவ? ஊட்ல எழவு உழுந்தா மாரி கீது” என்பாள். ஒரு மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேசட்டிலிருந்து நாடாவை உருவி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். அதைப் பற்றி இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொண்டோம். அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. அவள் போய்விட்டாள். எப்போதும் எடுத்துப் போகும் பச்சைப் பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, செருப்பும் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு அவசரம். இரண்டையும் நான் துடைத்து வைத்திருக்கிறேன்.

அவள் அம்மா வந்து அழுதார்கள். எங்கே போனாளோ என்று நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. ஆளில்லாத வீட்டில் ஒரு தட்டைக் கழுவி ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த வாரமே பின்பக்கம் பாம்பு நடமாட்டம் என்று சிமென்ட் தரை போட்டேன். மூன்று மாதம் தேடி, மூர் மார்க்கெட்டில் இன்னொரு கேசட் வாங்கினேன். அன்று முதல் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் பாட்டு கேட்பது. அங்கே உட்கார்ந்தால் மனசு அடங்கும். தேர்வாயில் கம்பெனிகள் வந்தபிறகு அக்கம் பக்கத்தில் எல்லாரும் பின்பக்கத்தில் அறைகள் கட்டி வடநாட்டுப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். என்னையும் கேட்டார்கள். நான் ஒப்பவில்லை. வாசல் கதவுக்கும் இருபத்தொரு வருஷமாகத் தாழ் போட்டதில்லை. ஊரில் சிரிப்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இம்மானுவேல் எங்கள் ஆலையில் ஃபிட்டர். என் வயதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் வேலை செய்துகொண்டே பாட்டை முனகியதைக் கேட்டு, “யோவ், அந்தப் பொம்பள செத்துட்டாய்யா” என்றார். நான் இல்லை என்றேன். அப்படித்தான் சிநேகம் ஆனது. அவர்தான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் பிரியாணி எடுத்துக்கொண்டு பைக்கில் வருவார். என் வீட்டுக்கு வேறு யாரும் வருவது கிடையாது. சாப்பிடுவோம், பாட்டுப் போடுவோம், சண்டை போடுவோம். பின்பக்கம் காற்று வருமே, அங்கே உட்காரலாமே என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன், விட்டுவிட்டார். நல்ல மனிதர். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை எனக்கு நகரவே நகராது. இப்போது எல்லா நாளும் அப்படி ஆகிவிட்டது.

ஆலையில் ஒரு முறை உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். பழைய இரும்பை நொறுக்கும் பெரிய மெஷின் இருக்கிறது, நாங்கள் அரவை என்போம். அதற்குள் இறங்கி வேலை செய்கிறவர் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் பூட்டி, போட்டோ ஒட்டிய அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி. சாவி பூட்டியவர் பையிலேயே இருக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஆனால் குனிந்து வேலை செய்யும்போது சாவி பையிலிருந்து நழுவி அரவைக்குள் விழுந்துவிடும். விழுந்தால் பூட்டை அறுக்க வேண்டும், மேலே பதில் எழுத வேண்டும், பேஜாரு. அதனால் நாங்கள் வெளியே நிற்கும் கூட்டாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குவோம். இறங்கியவர் வெளியே வந்ததும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கேயும் வைக்கக் கூடாது, இன்னொருவரிடம் கொடுத்தும் அனுப்பக் கூடாது. சட்டத்தில் இல்லாத இந்த முறையை இருபது வருஷமாக ஒருவரும் மீறியதில்லை. என் சாவி இம்மானுவேலிடம், அவர் சாவி என்னிடம்.

போன மாதம் ஆவடியில் இம்மானுவேலின் தாய்மாமன் இறந்துபோனார். அந்த மாமன் அந்தக் காலத்தில் நின்றுபோன அதே படத்தில் உதவி இயக்குநராக இருந்திருக்கிறார். ஒன்பது வருஷம் பேசியும் இம்மானுவேலுக்கே அது தெரியாது. அவருடைய பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது, அதில் பாட்டு வரும் இடம் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நாஷ்டா சாப்பிடும்போது சொன்னார். அவர் முகம் பரீட்சையில் பாஸான பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

“அருணா, ரெண்டு கட்சியும் அவுட்டுய்யா. அவ போவவும் இல்ல, சீக்கு வந்து சாவவும் இல்ல. அவந்தான் ஊட்லயே வச்சி அடிச்சிக் கொன்னுட்டான். பொதச்சிட்டு, போய்ட்டா போய்ட்டான்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு வாசல்ல குந்திக்கினு பாடறான்.”

“அப்பறம் எதுக்குத் தாழ் போடாம வச்சிகினு கீறான்?” என்று கேட்டேன்.

“அதான்யா கதையே. சொல்லிச் சொல்லி அவனே நம்பிட்டான். அவ வருவான்னு நெசமாவே நெனச்சிக்கினு கீறான். இன்னா மூளை பாரு எழுதுனவனுக்கு.”

நான் இட்லியைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இதைக் குழுவில் போட வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் படம் பிடித்துப் போடப் போவதாகவும், குழுவை நடத்தும் ஜெகனிடம் ஏற்கெனவே ஒரு பெரிய சங்கதி இருக்கிறது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நான் மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்தார். “பாட்டுலதான்யா செத்தா, உன் ஊட்லயா செத்தா? மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு.” அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நீங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்று சாயங்காலம் தரையில் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் முனகுவது வாசல் பக்கமிருந்து வரவில்லை, எனக்குக் கீழேயிருந்து வந்தது. பாதியில் நிறுத்தினேன். எனக்கு இருப்பது அந்த ஒரு பாட்டு, சார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவள் வருவாள் என்று அந்தப் பாட்டு சொல்வதால்தான் நான் காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன். அதை இவர் அறுபத்து மூன்று பேருக்கு முன்னால் எடுத்துப்போட்டு உடைக்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் ஒரே நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அரவையில் ஒரு கம்பி சிக்கியது. இம்மானுவேல் சுவிட்சை அணைத்தார், பூட்டைப் பூட்டினார், அட்டையை மாட்டினார், “இந்தா, புடி” என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். உள்ளேயிருந்து பாட்டை முனகினார், என்னைச் சீண்டுவதற்காகத்தான். மூன்றாவது அடி வந்தது. அங்கே மூச்சு இழுத்தார். நான் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். அந்த மெஷின் முழு வேகத்துக்கு வரப் பதினோரு விநாடி ஆகும். அதற்கு மேல் ஓட விடவில்லை, அணைத்துவிட்டேன். பூட்டையும் அட்டையையும் கழற்றி அவருடைய கருவிப் பெட்டியில் வைத்தேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

பாவம், பூட்டுப் போட மறந்துவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நீங்கள் ஒருவர்தான் பெட்டியைத் திறந்து பார்த்துப் பூட்டு இங்கே, சாவி எங்கே என்று கேட்டீர்கள். அது நான்கு நாளாக என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைத் தூக்கி எறிவதற்கு எத்தனையோ இடம் இருந்தது, வழியில் ஏரிகூட இருந்தது. சட்டையைத் துவைக்கும்போது எடுத்து வைத்து மறுபடியும் பையில் போட்டுக்கொண்டேன். கொடுத்தவர் கையில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முறை. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நோட்டை நான் எரித்தது உண்மை. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் மனைவி கிறிஸ்டினா எடுத்துக் கொடுத்தாள். “வச்சிக்கோங்கண்ணா, உங்கள வாதத்துல ஜெயிச்சிட்டேன்னு ரெண்டு நாளா தூக்கமே இல்லாம திரிஞ்சாரு” என்றாள். டப்பாவையும் கொடுத்தாள், அந்த வாரத்துக்காகப் பிரியாணிக்கு வாங்கிய அரிசி அதில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் இல்லாதது எனக்குத்தான் அதிகக் கஷ்டம் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள்தான் டீக்கடைப் பேச்சை உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரிகிறது. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆக, இம்மானுவேலை நான்தான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவும் இல்லை. பாட்டுக்காக ஒருவன் கொலை செய்வானா என்று உங்கள் ஏட்டு கேட்டார். பாட்டுக்காக இல்லை, அதன் பொருளுக்காக. குழுவில் கேளுங்கள், அவர்களுக்குப் புரியும்.

ஈஸ்வரியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், அவ்வளவுதான். நாளைக் காலையில் தாசில்தாரைக் கூட்டி வந்து பின்பக்கத்துத் தரையை உடைக்கப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் கடமை, செய்யுங்கள். எனக்கு இரண்டே வேண்டுகோள். வடக்கு மூலையில் கடப்பாரை போடாமல் கையால் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், அவள் தலை அந்தப் பக்கம் இருக்கிறது. வேலை முடிந்து கிளம்பும்போது வாசல் கதவுக்குத் தாழ் போட வேண்டாம், நான் இல்லாத நேரத்தில் அவள் வந்தால் தட்டிக்கொண்டே நிற்பாள்.