தண்ணி ஊசி

ஒரு சின்னச் சிக்கலை என்னால் வெகுநாள் அவிழ்க்க முடியவில்லை. ஒரு மருந்து சரியாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது?

நான் இதய அறுவை அரங்கில் மயக்க மருத்துவர். ரத்தம் உறையும்போது காயத்தின் வாயில் ஒரு நார்வலை பின்னிக்கொள்கிறது. அந்த வலையைக் கரைக்கும் பொருளும் நம் ரத்தத்திலேயே உண்டு. இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தின் குழாய்களில் ஓடவிட்டால் அந்தக் கரைக்கும் பொருளுக்கு வெறி பிடித்துவிடும். என் மருந்து வலையைப் பின்னாது, கரையவிடாமல் காக்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

அறுவை முடிந்ததும் நர்ஸ் ரத்தம் தோய்ந்த துணிகளை எடைபோட்டுப் பலகையில் எழுதுவார். எண் சிறியதாக இருந்தால் சர்ஜன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

“என் கையப் பாத்தா ரத்தமே வெளிய வரப் பயப்படும். என்ன தண்ணி ஊசி, முழிச்சிருக்கியா?”

தண்ணி ஊசி நான்தான். பதினோரு வருடம். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்க அங்கேதான் பழகினேன். கோபமா என்று கேட்கிறீர்கள். கோபம்தான்.

“ஒரு தடவையாவது மருந்தப் பத்தியும் சொல்லுங்க சார்” என்றேன்.

“அது இல்லாட்டியும் என் கேஸ் இப்படித்தான்யா இருக்கும்.”

அவர் சொன்னதைத்தான் சோதித்துப் பார்த்தேன்.

பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் வால்வு மாற்ற வந்திருந்தார். அவருடைய மகள் வாசலில் என்னை நிறுத்தினாள்.

“அங்கிள், அப்பாவுக்கு ரத்தம் நெறைய போகுமா?”

“போகாதும்மா. அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

அன்று சர்ஜன் இரண்டு கைகளையும் அந்த மார்புக்குள் விட்டுக்கொண்டு, “எங்கேர்ந்துய்யா வருது, எங்கேர்ந்து வருது” என்று தேடினார். ஓரிடத்திலிருந்து அல்ல, தைத்த இடமெல்லாம் கசிந்தது. வலை கரைந்தால் அப்படித்தான் இருக்கும். கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். அன்றும் அவர் என்னைக் கேட்கவில்லை.

ஓட்டுநர் மறுநாள் காலையில் இறந்தார். அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை. வரிசையில் அவர் ஓரிடம் தள்ளி வந்திருந்தால் நான் சொன்னபடியே நடந்திருக்கும். ஒருவரை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தற்செயல் என்பார்கள். ஆகவே பதினாறு பேர். எட்டுப் பேரில் நான்கு மார்புகளை மறுபடி திறந்தார்கள், இருவர் பிழைக்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் நலமாக வீடு போனார்கள். அவர்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

சிக்கல் தீர்ந்துவிட்டது. ஒருவருக்கு மருந்து, அடுத்தவருக்கு வெறும் சலைன்.