குழாய்க்குள் ஈரம்

“ஹலோ... ஆமா, நான்தான்... ஆமா ஆமா, இன்னும் லேப்லதான் இருக்கேன்... இல்ல சார், கேமராவ ராக்கெட் தளத்துக்கு அனுப்புற பெட்டில வைக்கல. வைக்க மாட்டேன்னு காலையிலயே சொன்னேனே.”

மேலதிகாரி என்றால் குரல் கொஞ்சம் தாழும். மனைவியின் அண்ணன் என்றால் கொஞ்சம் நெளியும். எதிர்முனையில் இருந்தவர் இரண்டுமாக இருந்தும் அவன் குரல் தாழவுமில்லை, நெளியவுமில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையுறையைக் கழற்றினான்.

“பாத்தேன் சார். டெஸ்ட் படத்துல கோடெல்லாம் கத்தி மாதிரி தெரியுது... ஆமா, ஷார்ப்புதான். இந்த ரூம்ல ஷார்ப்பு. செயற்கைக்கோள் கேமரா ரூம்லயா குடியிருக்கப் போகுது?... குறுக்க பேசாம கேளுங்க. கண்ணாடியத் தாங்குற குழாய் கார்பன் நார்ல செஞ்சது. இங்க காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சு உப்பியிருக்கு. மேல காத்தே கிடையாது. ஈரம் போகும், குழாய் சுருங்கும், ஃபோகஸ் நகரும். ஊரு, ரோடு, வயல் எல்லாம் கலங்கின தண்ணி மாதிரி வரும்... எவ்வளவு சுருங்குமா? ஒரு முடியில பாதி போதும், மானம் போறதுக்கு.”

கையுறையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தான்.

“மோட்டாரா? எந்த மோட்டார்? மேல போனப்புறம் ஃபோகஸத் திருப்புற மோட்டாரத்தான் நீங்க கழட்டி வீசிட்டீங்களே. எடையக் குறைச்சாச்சுன்னு மீட்டிங்ல கைதட்டல் வேற வாங்கினீங்களாம்... நான் எங்க போயிருந்தேனா? உங்க தங்கச்சி செத்துப் போயிட்டான்னு லீவுல இருந்தேன் சார்.”

தோளிலிருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“...சாஃப்ட்வேரா? அதானே பாத்தேன், இன்னும் வரலியேன்னு. கேமரா பாக்காதத சாஃப்ட்வேர் எங்கிருந்து கொண்டு வரும், உங்க மாமனார் வீட்டுலேருந்தா?... ஓ, இப்ப மச்சானாயிட்டீங்களா? சரி, சொல்லுங்க மச்சான்... ம்... ம்... சாப்பிட்டேன்... தூங்குறேன்... அத்தைகிட்ட நானே பேசிக்கறேன்... ஆமா, நிதானத்துல இல்லதான். யாரு இல்லன்னா? ஆனா நான் அழுதாலும் சிரிச்சாலும் குழாய் சுருங்கும். அதுக்கு நம்ம வீட்டு விஷயம் தெரியாது மச்சான்.”

அவன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் புறம் பார்த்தான். பம்ப் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

“வேற ஆளா? தாராளமா அனுப்புங்க. வந்து எத எடுத்துப் பெட்டில வைப்பாங்க? கேமரா வெற்றிட அறைக்குள்ள இருக்கு. கதவச் சாத்தி பம்ப்ப ஓட விட்டுட்டேன்... ஆமா, கேக்காமத்தான். கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு தெரியுமே. உள்ள கிடந்து காயட்டும். எவ்வளவு நகருதுன்னு அளந்து, கண்ணாடிக்கு அடியில தகடு வச்சு சரி பண்றேன்... ராக்கெட் காத்திருக்காதா? அப்ப நம்மள விட்டுட்டுப் போகட்டும். குருட்டுக் கேமராவ ஏத்தி விட்டா எந்த ஏணி போட்டு ஏறுவீங்க?

“...பம்ப்ப நிறுத்தணும்னா நிறுத்துங்க. கதவுக்குப் பக்கத்துல சிவப்பு பட்டன். உங்க விரலால அமுக்குங்க, என்னைய அமுக்கச் சொல்லாதீங்க... இல்ல, மிரட்டல. மிரட்டுற அளவுக்கு உங்க மேல எனக்கு மரியாதை இல்ல... வேலையவிட்டா? தூக்குங்க. அது காயுற வரைக்கும் பொறுத்து தூக்குங்க... இல்ல, இங்கயேதான் இருப்பேன்... வீட்டுக்கா?”

போனை மறு காதுக்கு மாற்றினான்.

“வீட்டுல யாரு இருக்கா மச்சான்?... ஹலோ... ஹலோ...”

இணைப்பு போய்விட்டது. நாற்காலியை இழுத்துச் சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான்.