ஷோஃபர்

— "ஜூன் பத்து, செவ்வாய். இன்று இங்கிலீஷ் வகுப்பில் ஒரு சின்னத் தப்பு செய்தேன். என் பேட்ஜில் இருக்கும் ஷோஃபர் என்ற சொல்லுக்கு, பெரிய மனிதர்களின் டிரைவர் என்று அர்த்தம் சொன்னேன்." டைரியில எழுதினதைப் படிக்கிறேன், கேக்குறியா நைனா?

— கேக்குறேன் யாமினி. இதுல இன்னா தப்பு? ஓட்டல் கார் ஓட்டுற. ஏறுறவன் எல்லாம் பெரிய மனுஷன்தானே?

— அர்த்தம் சரி. இரு, திருத்திக்கிறேன். பாதி சரி. அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துதுன்னு நிக்கோல் மிஸ் கேட்டாங்க. முழிச்சேன்.

— முழிச்சா முழிச்ச. நாளைக்கு ஓட்டல் ஃபங்ஷன்ல முழிக்காத, போதும்.

— நீயும் வா நைனா. எல்லாரும் வீட்டாளுங்களைக் கூட்டிட்டு வர்றாங்க. பேட்ஜ் பத்தி நான் ரெண்டு நிமிஷம் பேசணும்.

— அங்க வந்து நான் யாருன்னு சொல்லிக்கிறது? பங்காரப்பேட்டையில ரயிலுக்குக் கரி அள்ளிப் போட்டவன்னா? கண்ணு டெஸ்டுல ஃபெயிலாயி, கடைசி வரைக்கும் ஃபயர்மேன். டிரைவர் சீட்டுல ஒரு நாள் குந்தினதில்ல. எங்க வம்சத்துலயே மொத டிரைவர் நீதாம்மா. கூட வந்து நின்னு அதை நான் கெடுக்கணுமா?

— சரி, ஒண்ணு சொல்லு. இன்ஜின் கிளம்பணும்னா மொதல்ல யாரு வருவாங்க?

— இன்னா கேள்வி இது! நான்தான். டிரைவர் வர்றதுக்குள்ள நெருப்பு மூட்டி, ஸ்டீம் ஏத்தி வச்சிருப்பேன். சும்மா வாரிக் கொட்டினா எரியுமா? மெல்லிசா விசிறணும். கிருஷ்ணப்பா டிரைவரே சொல்வாரு, "நீ இல்லாட்டி இது வெறும் இரும்பு, குரு"ன்னு.

— மிஸ்ஸும் அதைத்தான் சொன்னாங்க. பிரெஞ்சுல ஷோஃபர்னா சூடேத்துறவரு. ஸ்டீம் இன்ஜினுக்கு நெருப்புப் போடுறவரோட பேரு அது. அந்தக் காலத்துக் காருங்க சிலதும் ஸ்டீம்ல ஓடிச்சு, சூடேத்தித்தான் கிளப்பணும். அப்படியே கார் ஓட்டுறவங்களுக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு.

— இன்னா சொல்ற நீ? கரி போடுறவனுக்கா அந்தப் பேரு?

— மொதல்ல உனக்கு. அப்புறந்தான் எனக்கு.

— நல்லா பாத்தியா? நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி அசிங்கமாயிடப் போவுது.

— ரெண்டு டிக்ஷனரி பாத்துட்டேன். மூணாவதும் பாத்துடலாமான்னு இருக்கு.

— வேணாம், வேணாம்! ரெண்டே போதும். ஏம்மா, என் வெள்ளச் சட்டை எங்க?

— வகுப்புலேர்ந்து வந்ததும் அயர்ன் பண்ணி வச்சிட்டேன். கடைசி வரியக் கேளு. "நாளைய வேலை: பேசி முடித்ததும் பேட்ஜைக் கழற்றி, நைனாவின் சட்டையில் குத்த வேண்டும்."