புனைபெயருக்கு நேரா போட்ட முகவரி

கொட்டகைக்கு இப்பப் போக வேணாம் தம்பி. நீங்க கேட்ட காயிதப் பெட்டியெல்லாம் எங்கயும் ஓடிடாது. பிரிஸ்பேன்லேர்ந்து வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க, மொதல்ல டீயக் குடிங்க. நாய் காலைலேர்ந்து அப்படித்தான் கொலைக்குது, விடுங்க.

உங்க யுனிவர்சிட்டி லைப்ரரி போட்ட எழுத்தாளர் பட்டியல் புஸ்தகத்தப் பாத்தேன். நம்மூரு எழுத்தாளர் ஒருத்தரக்கூட விடல. என்ன மாதிரி, ரயில்ல படிச்சிட்டுத் தூக்கிப் போடற கௌபாய் நாவல் எழுதினவளையும் சேத்திருக்கீங்க. ஆனா புனைபெயரக் கண்டா உங்களுக்கெல்லாம் கை அரிக்கும்போல. உள்ள யாருன்னு உரிச்சுப் பாத்துடணும். கிளின்ட் ஹாரோன்னு என் புனைபெயரத் தேடினா, 'பார்க்க: நெரிடா போக், பர்ரம் கிரீக்ல வசிக்கிறார்'னு என் நெசப் பேர ஊரோட போட்டுட்டீங்களே.

பதிப்பாளர் கேட்டதால ஆம்பளப் பேருல எழுதினேன்னா போட்டிருக்கீங்க? அவர் ஒண்ணும் கேக்கல. எம் புருஷன் லெஸ் கண்ணுல படாம இருக்கத்தான் அந்தப் பேரு.

டைப் அடிக்கிற சத்தம் அவனுக்கு ஆகாது. ஒருநாள் என் வலது கையக் கதவிடுக்குல வெச்சு, கதவ ஒதைச்சுச் சாத்தினான். பாருங்க, இந்த மூணு வெரலும் மடங்காது. அப்புறம் ஒருதரம் தாடைய ஒடைச்சான். கெட்டில் வெந்நிய முதுகுல ஊத்தினான். அவன் ஆட்டு ரோமம் வெட்டப் போயிருந்தப்ப ஓடி வந்தேன். மிச்ச வெரல வெச்சு எழுதினேன். புஸ்தகத்துக்குப் பத்துப் பேரையாவது சுட்டுடுவேன். சாகறவனுக்கெல்லாம் ஒரே மூஞ்சிதான், யாரு மூஞ்சின்னு சொல்லணுமா?

வாசல்ல நிக்கிற பச்சைக் காரா? அது அவனுதுதான். உக்காருங்க தம்பி, டீ சட்டைல சிந்துது பாருங்க.

காலைல கோழிக்குத் தீனி போட்டுட்டு இருந்தேன். அவன் வந்து நின்னான், கக்கத்துல உங்க புஸ்தகம், கைல கோடாலிக்காம்பு. என்ன கிளின்ட், எம் பொண்டாட்டி உள்ள இருக்காளான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். மொத அடி தோள்ல விழுந்துச்சு. அதான் டீய எடக்கையால ஊத்தினேன். ஓடினேன், கொட்டகை வரைக்கும் தொரத்திட்டு வந்தான். கங்காரு சுடற துப்பாக்கி அங்கதான் மாட்டியிருக்கு. அது அவனுக்குத் தெரியாது. நல்லவேளை, அத உங்க புஸ்தகத்துல போடல.

போலீசுக்குச் சொல்லியாச்சு. டவுன்லேர்ந்து வரணும், ரோடு வேற மோசம்.

ஒண்ணு தம்பி. என் நாவல்ல குண்டு பட்டதும் பொத்துன்னு விழுந்துடுவாங்க, அத்தோட அத்தியாயம் முடிஞ்சுரும். அப்படியெல்லாம் இல்ல. ரொம்ப நேரம் பேசிட்டே இருந்தான். தண்ணி கேட்டான். இத்தன வருசமா அத்தனையும் தப்பா எழுதியிருக்கேன்.

பெட்டிங்க மேலதான் சாஞ்சு கெடக்கான். மேலாப்ல இருக்கற கையெழுத்துப் பிரதி நனைஞ்சிருக்கும். அடில இருக்கறது நல்லாத்தான் இருக்கும், போலீஸ் வந்துட்டுப் போனதும் எடுத்துக்கங்க.