ஒரு மில்லியன் ஒன்று

காலை 11.40. பெர்மாஸ் ஜெயா பேருந்து நிறுத்தத்தில், சான்றிதழ்க் கோப்பினை மடியில் வைத்திருந்த ஓர் இளம்பெண் பக்கத்திலிருந்த தன் அண்ணனிடம் சொன்னாள்:

"ஒரு மில்லியன் ஒண்ணு பகா எண் இல்ல சார்னு சொல்லிட்டேன்."

"டியூஷன் சென்டருக்கு வேலை கேட்டுப் போய், முதலாளிகிட்டயேவா?"

"அவருதான் போர்டுல பகா எண்ணுன்னு எழுதினாரு, அண்ணே. அதை நூத்தி ஒண்ணால மீதியில்லாம வகுக்கலாம்."

"அலமாக், ஐயோ! தலையாட்டிட்டு வந்திருக்கலாம் லா. மூணு மாசமா வேலை தேடுற."

"அப்புறம் பிள்ளைங்களுக்கும் தலையாட்டவா சொல்லிக் கொடுக்கிறது?"

"அவரு என்ன சொன்னாரு?"

"பன்னெண்டு மணிக்குள்ள கூப்பிடுறேன்னாரு. கூப்பிடுவாரு."

அண்ணன் கைப்பேசியில் 1,000,001-ஐ 101-ஆல் வகுத்துப் பார்த்தார். விடை 9,901, மீதி இல்லை.

பேருந்து 12.10க்கு வந்தது. அதுவரை அவளுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை.