கொக்கி போடாத பக்கம்

ஒன்பது வருடமாகக் கோவையில், பால்கனிகளுக்குள் புறா வராமல் தடுக்கும் வலை கட்டுகிறேன். இதுவரை ஒரு புறாவைக்கூடக் கொன்றதில்லை சார். வலை கட்டி முடித்ததும் வீட்டுக்காரர் முன்னால் அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்துக் காட்டுவேன். அதைப் பார்த்தால் குறை சொல்ல வந்தவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. எங்களுக்கு நேர் மேலே சென்னியம்மாள் தனியாக இருந்தார். தினமும் காலையில் பால்கனியில் புறாக்களுக்குக் கம்பு இறைப்பார். தின்பது அங்கே, எச்சமிடுவது எங்கள் ஜன்னலில். என் மகள் நேஹாவுக்கு ஏழு வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். புறா எச்சம்தான் நுரையீரலைக் கெடுத்திருக்கிறது, இனி அந்தத் தூசியே படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புறாக்களை நான் வெறுக்கிறேன். அந்த அம்மாவை அதைவிட வெறுத்தேன். ஆனால் மரியாதையில் குறை வைக்கவில்லை.

“ஏனுங்க பெரீம்மா, புள்ளைக்கு மூச்சு உட முடியலீங்க. கம்பு போடாதீங்க.”

“வாயில்லாச் சீவன் கண்ணு. அதுக எங்க போவும்?”

இலவசமாகவே அவர் பால்கனிக்கு வலை கட்டிக் கொடுத்தேன். மறுநாளே கத்தரிக்கோலால் ஓட்டை போட்டுக் கம்பை வெளியே வீசினார். மறுபடி கட்டினேன். மறுபடி வெட்டினார்.

மூன்றாம் முறை இடது பக்கம் எல்லாக் கொக்கிகளும் போட்டேன். வலது பக்கம் கொக்கி போடாமல் வெறும் தையல் நூலால் நிறுத்தி வைத்தேன். இடது பக்கம் சாய்ந்து காட்டி, “ஆனை வந்து மோதுனாலும் தாங்குமுங்க” என்றேன். அவரும் அங்கேயே சாய்ந்து பார்த்துச் சிரித்தார். காபி கொடுத்தார். குடித்தேன்.

மறுநாள் காலை ஒரு புறாவின் காலில் கயிறு கட்டி, மொட்டை மாடியிலிருந்து அந்த வலது பக்கத்துக்கு வெளியே தொங்கவிட்டேன். கால் அறுபடாதபடி துணி சுற்றித்தான் கட்டினேன். சிறகடிக்கும் சத்தம் கேட்டு வந்தார். கைப்பிடிச் சுவர் அவர் இடுப்புக்கும் கீழே. இந்த வலையிலும் அதற்குள் வெட்டியிருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டார், எட்டவில்லை. வலையை நம்பிச் சாய்ந்தார்.

கீழே சத்தம் கேட்ட பிறகு கயிற்றை இழுத்து, புறாவை அவிழ்த்து விட்டேன். அதற்கு ஒரு காயமும் இல்லை.

நேற்று வீட்டைச் சோதித்தபோது, நேஹாவின் கட்டிலுக்கு மேலே பரணில் கிடக்கும் பழைய வலைகளைப் பற்றிக் கேட்டீர்கள். வேலைக்குப் போகும் வீடுகளில் கழற்றிக்கொண்டு வந்தவை. எச்சம் காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கட்டிலில் உட்கார்ந்துதான் தட்டிச் சுத்தம் செய்வேன். அது தொழில் சாமான் சார். இந்தக் கேசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சென்னியம்மாள் போய் ஒரு மாதம் ஆகிறது. நேஹாவுக்கு இன்னும் இருமல் குறையவில்லை. எதிர் பிளாக்கிலும் யாரோ கம்பு போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அது யார் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.